‘எங்கட நாயில்லை, எங்கட வளவில நிக்கிறது’

பிள்ளை, நீர் எழுதிக் கேட்டது மூன்று கேள்வி. வன்னியில் ஓநாயே கிடையாதே, அப்படியென்றால் ஊர் நாய் எதிலிருந்து வந்தது, நரியிலிருந்தா? மனிதன்தான் முதலில் அதைப் பிடித்துக் கட்டினானா, அதுவாக வந்து சேர்ந்ததா? அது எங்களில் வைத்திருப்பது பாசமா, சோற்றுக்கான நடிப்பா? மூன்றாவது கேள்வி உம்முடையது இல்லை, அப்பாவுடையது என்று வாசிக்கும்போதே விளங்கிவிட்டது. இருக்கட்டும், அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மிருக வைத்தியர் இல்லை. கால்நடைப் பகுதியில் களவேலை செய்து ஓய்வு பெற்றவன். விசர்நாய்த் தடுப்பூசி போடுகிற நாள்களில் நாயைப் பிடித்துக் கொடுக்கிற ஆள். நாயைப் பற்றிப் படித்தும் இருக்கிறேன், கடியும் வாங்கியிருக்கிறேன்.

நரியிலிருந்து தொடங்குவோம். அந்தச் சந்தேகம் சும்மா வரவில்லை. பொழுதுபட்டபின் குளக்கட்டில் நரி ஊளையிட, ஊருக்குள் நாய்கள் கழுத்தை நீட்டிப் பதில் ஊளை விடுவதைக் கேட்ட எவருக்கும் இரண்டும் ஒரே சாதி என்றுதான் தோன்றும். நோபல் பரிசு பெற்ற ஒஸ்ரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ்கூட ஒரு காலம் பெரும்பாலான நாய்கள் நரி வழியில் வந்தவை என்று எழுதினார், பிறகு அவரே அதைக் கைவிட்டார். நரி, ஓநாய், நாய் மூன்றுக்கும் மரபணுவைச் சுமக்கிற நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்) 78தான். அதனால் எண்ணிப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. 1997இல் நாய்களினதும் ஓநாய்களினதும் நரிகளினதும் தாய்வழி மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு வந்த பிறகு விவாதம் அடங்கியது. நாய் ஓநாய் வழி. ‘ஓநாய்’ என்ற சொல்லுக்குள்ளேயே நாய் நிற்கிறதே என்று வகுப்பில் ஒரு பெடியன் சொன்னானாம். சொல் சாட்சியாகாது, ஆனாலும் கெட்டிக்காரன்.

ஆனால் ஒன்றைக் கவனியும். இன்று சைபீரியாவிலோ இந்தியாவிலோ திரிகிற ஓநாய் நாய்க்குப் பாட்டன் இல்லை, ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டுக்கும் பாட்டனாக இருந்த பழைய ஓநாய்க் கூட்டம் அழிந்துவிட்டது. 2022இல் 72 பழங்கால ஓநாய்களின் மரபணுவைப் படித்தார்கள். நாய் கிழக்கு யூரேசிய ஓநாய்களுக்குக் கிட்டவாக நிற்கிறது, மேற்காசிய, ஆபிரிக்க நாய்களில் மேற்குப் பக்கத்து ஓநாயின் கலப்பும் தெரிகிறது. நேரடிப் பாட்டன் மட்டும் அந்த 72க்குள்ளும் அகப்படவில்லை. இடத்தைக் கேட்டால், ‘பனியுகத்து யூரேசியாவில் எங்கேயோ’ என்பதற்கு மேல் ஒருவர் உறுதியாகச் சொன்னால் நம்பாதேயும். காலத்தைக் கேட்டால் 15,000 ஆண்டுக்குக் குறையாது. பெல்ஜியத்திலும் அல்ராய் மலையிலும் 30,000 ஆண்டைத் தாண்டிய மண்டையோடுகளை நாய் என்று சிலர் சொல்கிறார்கள், இல்லை அவை ஓநாய்தான் என்று மற்றவர்கள் மறுக்கிறார்கள். சண்டை ஓயவில்லை. 11,000 ஆண்டுகளுக்கு முன்பே உலகத்தில் குறைந்தது ஐந்து நாய்ப் பரம்பரைகள் பிரிந்துவிட்டிருந்தன என்பது 2020இல் வந்த பழைய மரபணு ஆய்வு. அதாவது ஆடு மாடு பட்டிக்கு வந்து சேர்வதற்கு முன்பே, நெல் விதைப்பதற்கு முன்பே, நாய் ஊர் ஊராகப் பரவிவிட்டது. எங்கள் தீவு இந்தியக் கரையிலிருந்து கடைசியாகக் கடலால் பிரிந்து ஏறத்தாழ 7,000 ஆண்டு என்கிறார்கள். நடந்து வந்த மனிதரின் பின்னால் நடந்தும் வந்திருக்கலாம், வள்ளத்திலும் வந்திருக்கலாம். ஓநாய் இல்லாத ஊரில் நாய் இருப்பதில் புதினம் ஒன்றுமில்லை. நாய் இங்கே உருவாகவில்லை, வந்து சேர்ந்தது.

அடுத்தது பிடித்துக் கட்டினானா என்ற கேள்வி. இதற்கு யானையைப் பார்க்க வேண்டும்.

வன்னி யானைக்குப் பேர்போன இடம். வன்னிமைகள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்ததே யானைதான். யானையிறவு என்ற பேரும் அந்த வழியில் வந்தது. நூற்றாண்டு நூற்றாண்டாகப் பிடித்தார்கள், பழக்கினார்கள், ஏற்றி அனுப்பினார்கள். ஆனால் யானை வீட்டு விலங்கானதா? இல்லை. வயிற்றில் குட்டி 22 மாதம், அது வளர்ந்து வேலைக்கு வரப் பத்துப் பதினைந்து வருடம். யார் காத்திருப்பார்? ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் காட்டிலிருந்து புதிதாகப் பிடித்து, புதிதாக அடக்கினார்கள். பழகிய யானை பழகிய காட்டு விலங்குதான். அதன் குட்டி திரும்பவும் காட்டு யானை. யானை பாகனையே கொல்லும், நாயோ எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கவும் வால் குழைக்கும் என்று ஒரு பழைய வெண்பா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறது. பாடியவர் நட்பைப் பற்றிச் சொன்னார். எனக்கு அதில் உயிரியல் தெரிகிறது. பழக்குவது ஒரு உயிரோடு முடியும் காரியம். வீட்டினமாவது பரம்பரையே மாறுவது.

ஓநாய்க்குட்டியைப் பிடித்து வளர்த்து நாயாக்கினார்கள் என்ற கதை எனக்கு முழுதாக ஒட்டாததற்குக் காரணம் இதுதான். ஒன்றிரண்டு குட்டியை எவரும் வளர்த்திருப்பார்கள். இன்றும் காட்டுக்குத் தேனெடுக்கப் போகிறவர் என்ன குட்டி கண்டாலும் தூக்கிக்கொண்டு வருகிறார். ஆனால் அது வளர்ந்து, இணை தேடும் பருவத்தில் காட்டுக்குப் போய்விட்டால் பரம்பரை எங்கே மாறும்? புடாபெஸ்டில் ஒரு பல்கலைக்கழகக் குழு ஓநாய்க்குட்டிகளைக் கண் திறக்க முன்பே எடுத்து, ஆளுக்கொன்றாகக் கையில் வைத்து வளர்த்துப் பார்த்தது. வளர்ந்து வந்தது மனிதருக்குப் பயப்படாத ஓநாய். நாய் வரவில்லை.

றேமண்ட் கொப்பிங்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் மாற்றிச் சொன்னார்: மனிதன் நாயை உண்டாக்கவில்லை, குப்பைமேடுதான் உண்டாக்கியது. மனிதர் எறிந்த கழிவைத் தின்ன ஓநாய்கள் வந்தன. காலடிச் சத்தம் கேட்டதும் ஒரு மைல் ஓடுகிறது பட்டினி கிடந்தது. பத்தடி விலகி நின்று திரும்பி வந்தது வயிறு நிறையத் தின்று குட்டி போட்டது. அப்படியே தலைமுறை தலைமுறையாகப் பயம் குறைந்தது. இந்தக் கதையில் ஒரு ஓட்டை உண்டு: நாய் தோன்றிய காலத்தில் ஊரும் இல்லை, குப்பைமேடும் இல்லை, அலைந்து திரிந்த வேட்டைக்காரர்தான். 2021இல் பின்லாந்து ஆய்வாளர்கள் அதற்கு ஒரு ஒட்டுப் போட்டார்கள். பனிக்காலத்தில் வேட்டை மிருகங்களில் கொழுப்பு வற்றி வெறும் இறைச்சிதான் மிஞ்சும். மனிதனின் ஈரல் அவ்வளவு புரதத்தைத் தாங்காது, ஓநாய் தாங்கும். ஆகவே மனிதருக்கு உதவாத இறைச்சி மிஞ்சியிருக்கும், பங்கு கொடுப்பதில் இழப்பில்லை. இதுவும் கணக்குப் போட்டுச் சொன்னதுதான், கண்ணால் கண்ட சாட்சி இல்லை. எனக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருப்பதாகப் படுகிறது. ஓரத்தில் நின்றதும் நடந்தது, குட்டியைத் தூக்கியதும் நடந்தது.

அந்த ‘ஓரத்தில் நின்றது’ என்பதை நான் புத்தகத்தில் படிக்க முன்பே காதால் கேட்டிருக்கிறேன். தடுப்பூசிக்குப் போனால் படலையில் நின்று கேட்போம், ‘அம்மா, நாய் இருக்கோ?’ பதில் வரும், ‘எங்கட நாயில்லைத் தம்பி, எங்கட வளவில நிக்கிறது.’ சோறு யார் போடுவது? ‘மிஞ்சினதை வைப்பம்.’ பேர் இருக்கோ? ‘பிள்ளையள் ரைகர் எண்டு கூப்பிடுவினம்.’ கட்டி வைத்திருக்கிறீர்களோ? ‘ஐயோ, ஏன் கட்ட? அது தன்ரபாட்டில நிக்கும்.’ இரவில் பன்றி வந்தால் குலைக்கும், யானை வந்தால் வேறு மாதிரிக் குலைக்கும், வீட்டுக்காரர் படுத்த பாயிலேயே குரலை வைத்து என்ன வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இத்தனையும் செய்கிற நாய்க்குச் சொந்தக்காரர் இல்லை. பதிவுப் புத்தகத்தில் ‘உரிமையாளர்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று ஒவ்வொரு முறையும் முழித்திருக்கிறேன். உலகத்து நாய்களில் பெரும் பங்கு இப்படி நிற்கிற நாய்கள்தான். சங்கிலியும் கடையில் வாங்கிய தீனியும் கட்டிலில் இடமும் பிந்தி வந்த சங்கதிகள். பனியுகத்துக் கூடாரத்து ஓரத்தில் நின்ற முதல் நாயை யாரும் ‘என்னுடையது’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ‘நிற்கிறது’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பரம்பரை மாறியது போதுமா, வளர்ப்பு வேண்டாமா என்று நீர் அடுத்துக் கேட்பீர். அதற்கு எங்கள் சொந்த ஊரே பரிசோதனைச்சாலையாகிவிட்டது. யாரும் விரும்பிச் செய்த பரிசோதனை இல்லை.

2008 கடைசியில் போர் நெருங்கி நாங்கள் கிளிநொச்சியை விட்டு நகர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டியில் கிழவிக்கும் நெல்மூட்டைக்கும்தான் இடம். நாய்கள் பின்னால் ஓடி வந்தன. சில தருமபுரம் வரை வந்தன, ஒன்று விசுவமடுவரை வந்ததைக் கண்டேன். அதற்குப் பிறகு ஒருவர் கண்ணும் நாயைப் பார்க்கிற நிலையில் இல்லை. செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு 2010இல் திரும்பி வந்தோம். வீட்டுக்குக் கூரை இல்லை, வளவெல்லாம் பற்றை. தறப்பாளின் கீழ் அடுப்பு மூட்டி, மனைவி திருவலையை எடுத்துத் தேங்காய் திருவத் தொடங்கினா. அந்தச் சத்தத்துக்குப் பற்றைக்குள்ளிருந்து ஒரு கிழட்டுக் கடுவன் நாய் வந்தது. எங்கள் நாய் இல்லை, அயலில் எங்கேயோ நின்ற நாய். நேரே வந்து திருவலைக்கு முன்னால், எப்போதும் இருக்கிற இடம்போல, இருந்தது. அதற்குப் பின்னால் வேலிக் கதியாலடியில் இன்னும் மூன்று தலை தெரிந்தன. இளம் நாய்கள். அவை வரவில்லை.

அந்த மூன்றும் ஆளில்லாத ஊரில் பிறந்தவை. மனிதரைக் கண்டதே இல்லை. சோறு எறிந்தால் ஓடும், இருட்டினபின் வந்து தின்னும். மாதக்கணக்கில் அப்படி. நாய்தான், ஓநாய் இல்லை, ஆனால் கைக்கு எட்டவில்லை. அதில் ஒரு பெட்டை அடுத்த வருடம் இடிந்த குசினிக்குள் ஐந்து குட்டி போட்டது. நான்காம் கிழமையிலிருந்து பிள்ளைகள் தாய் இல்லாத நேரம் பார்த்துக் குட்டிகளைத் தூக்கித் திரிந்தார்கள், நான் ஏசியும் கேட்கவில்லை. அந்த ஐந்தும் சாதாரண வீட்டு நாயாக வளர்ந்தன, காலுக்குள் வந்து இடறுகிற அளவுக்கு. தாய் மட்டும் சாகும்வரை ஒரு கையையும் தன்மேல் பட விடவில்லை.

இதற்கு அறிவியலில் விளக்கம் உண்டு. ஸ்கொட், புல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வருடக்கணக்காகக் குட்டிகளை வைத்துப் பார்த்து 1965இல் எழுதினார்கள்: நாய்க்குட்டிக்கு மூன்றாம் கிழமையிலிருந்து பன்னிரண்டாம் கிழமைவரை ஒரு கதவு திறந்திருக்கிறது. அதற்குள் யாரோடு பழகுகிறதோ அவர்தான் அதற்கு இனம். அந்தக் கதவு ஓநாய்க்கும் உண்டு, ஆனால் முந்தித் திறந்து முந்தி மூடிவிடும். ஓநாய்க்குட்டி இரண்டாம் கிழமையிலேயே, கண்ணும் காதும் சரியாக வேலை செய்ய முன்பே, மணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு குகையைச் சுற்றி நடக்கத் தொடங்கும். பிறகு கேட்கிற சத்தமும் காண்கிற உருவமும் அதற்குப் பயம். நாய்க்குட்டி நான்காம் கிழமைவரை பொறுத்து, கிட்டத்தட்ட எல்லாப் புலனும் கூடி வந்தபின் வெளியே வருகிறது. பதினையாயிரம் ஆண்டில் நடந்த பெரிய மாற்றம் காது தொங்கியதும் வால் சுருண்டதும் இல்லை, இந்த இரண்டு கிழமைத் தாமதம்தான் என்று எனக்குப் படுகிறது. பிறப்பு கதவை அகலமாக்கிக் கொடுத்திருக்கிறது. உள்ளே வர ஒரு ஆள் அங்கே நிற்க வேண்டும்.

காது, வால் கதைக்கு ரஷ்ய நரிகளைச் சொல்வார்கள். 1959இல் நோவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயெவும் பிறகு லியுத்மிலா திருத்தும் பண்ணை வெள்ளிநரிகளில் (எங்கள் குளக்கட்டு நரி இல்லை, அது வேறு இனம்) சாந்தமானதை மட்டும் தெரிந்து இனம் பெருக்கினார்கள். சில தலைமுறையிலேயே வாலாட்டுகிற நரி வந்தது, சிலவற்றில் காது தொங்கியது, உடம்பில் வெள்ளைத் திட்டு விழுந்தது. அருமையான வேலை, ஆனால் அந்த நரிகளின் முன்னோர் கனடாப் பண்ணைகளில் ஏற்கெனவே பல தலைமுறை அடைபட்டவை, திட்டு விழுந்தவையும் அப்போதே இருந்தன என்று 2019இல் சுட்டிக்காட்டினார்கள். சாந்தம் பரம்பரையாக வரும் என்பதற்கு அது சாட்சி. நாயின் முழுக்கதைக்கு இல்லை.

சோற்றுக் கதை இன்னும் சுவை. எங்கள் நாய் சோறும் சொதியும் மீன்தலையும் தின்று பன்னிரண்டு வருடம் வாழும். ஓநாய்க்கு அந்தச் சாப்பாடு சரிவராது. மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் அமிலேசு நொதியத்துக்கான மரபணு ஓநாயில் இரண்டு பிரதி, நாயில் நாலிலிருந்து முப்பதுவரை என்று 2013இல் கண்டார்கள். ஆனால் வேளாண்மை தெரியாத மக்களோடு வாழ்ந்த பனிப்பிரதேச நாய்களில் அது குறைவு. நாய் முதலில் எங்களோடு சேர்ந்தது, நாங்கள் பயிர் செய்யத் தொடங்கியபின் எங்கள் கோப்பையைப் பார்த்து அதன் வயிறு மாறியது.

இப்போது அப்பாவின் கேள்வி.

ஜேர்மனியில் பொன் நகருக்குப் பக்கத்தில் ஒபர்காசல் என்ற இடத்தில் 1914இல் கல் உடைத்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய். 14,000 ஆண்டுக்கு மேல் பழமை. நாயின் பற்களை நூறு வருடம் கழித்து ஒரு மிருக வைத்தியர் எடுத்துப் பார்த்தார். 2018இல் வெளியிட்ட முடிவு இது: அது ஏழு மாதக் குட்டி. ஐந்தாம் மாதமளவில் அதற்கு டிஸ்டெம்பர் என்ற கொடிய நாய்த் தொற்றுநோய் வந்திருக்கிறது, மூன்று முறை கடுமையாக. பல்லின் மேற்பூச்சான மிளிரியில் விழுந்த தழும்பு வரிகள் அதைச் சொல்கின்றன.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். டிஸ்டெம்பர் குட்டி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணில் பீளை கட்டி ஒட்டியிருக்கும். மூக்கால் வடியும், சத்தி, பேதி, பிறகு ஒரு கால் தன்பாட்டில் துடிக்கும். தானாக எழும்பித் தண்ணீர் குடிக்காது. கஞ்சித் தண்ணியைத் துணியில் நனைத்து வாயோரத்தில் பிழிந்து, கிடந்த சாக்கை நாளுக்கு நான்கு முறை மாற்றினால்தான் ஒரு கிழமை தாண்டும். தப்பிய குட்டிகளின் புதுப் பல்லில் மண்ணிறக் கோடு விழுந்திருப்பதை நானே விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பனியுகத்துக் குட்டியை இரண்டு மாதம் யாரோ இப்படிப் பார்த்திருக்கிறார்கள். அது வேட்டைக்கு உதவாது, காவலுக்கு உதவாது, அந்தக் காலத்தில் மருந்தும் இல்லை. பிழைக்காது என்று தெரிந்தும் பார்த்திருப்பார்கள். கடைசியில் மனிதரோடு சேர்த்துப் புதைத்தார்கள். வட இஸ்ரேலில் அயின் மல்லாகா என்ற இடத்தில் 12,000 ஆண்டுப் பழைய புதைகுழி ஒன்றில், இறந்தவரின் கை ஒரு குட்டியின் மேல் கிடக்கிறது. ஆகவே அப்பாவிடம் சொல்லும்: பாசம் வைத்ததற்குப் பழைய சாட்சி மனிதர் பக்கம்தான் கிடைத்திருக்கிறது. யார் யாரை ஏமாற்றியது என்று அவரே யோசிக்கட்டும்.

நாயின் பக்கம்? யப்பானில் 2015இல் செய்த ஆய்வு ஒன்றில், நாயும் வளர்த்தவரும் அரை மணித்தியாலம் ஒன்றாக இருந்து, கண்ணைக் கண் பார்த்தபின் இருவரின் சிறுநீரிலும் ஓட்சிடோசின் கூடியிருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் சுரக்கிற அதே ஓமோன். கையில் வளர்த்த ஓநாய்களில் அப்படி இல்லை. சோதித்த நாய்கள் கொஞ்சம்தான், அதனால் பெரிய தீர்ப்பாக எடுக்க வேண்டாம். கொல்கத்தாவில் தெருநாய்களை வைத்துப் பார்த்தவர்கள், யாரும் பழக்காத நாயும் முன்பின் தெரியாத மனிதர் கை நீட்டிக் காட்டும் பக்கம் போகிறது என்று கண்டார்கள். கிட்ட வரப் பயந்தவை விலகி நின்றன, வந்தவற்றில் பெரும்பாலானவை சொன்ன பக்கம் போயின. ‘நடிப்பு’ என்ற சொல் எனக்கு இதில் பொருந்தவில்லை. சோற்றையும் எதிர்பார்த்து, ஆளையும் விரும்புவது எங்கள் வீட்டு மனிதரும் செய்கிறதுதானே.

நடுவில் ஒன்று, இது உமக்கு: எந்த நாய் கடித்தாலும், பாசமான நாயானாலும், உடனே ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வைரவர் வாகனம் என்று வடை வைக்கிறவர்களும் அந்த வாகனத்துக்கு ஊசி போட ஒத்துழைத்தால் நல்லது.

அப்பா இன்னும் நம்பாவிட்டால் இதைச் செய்து பாரும். புடாபெஸ்ட்காரர்கள் செய்ததுதான். ஒரு பழைய பால்மா ரின்னில் கருவாட்டுத் துண்டைப் போட்டு, மூடியைத் தளரவிட்டு, நாய்க்குக் கொடும். தட்டித் திறந்து தின்னும். இரண்டு மூன்று முறை கொடுத்தபின், மூடியைத் திறக்க முடியாதபடி இறுக்கிவிட்டு வையும். வளர்த்த ஓநாய் என்றால் ரின்னோடேயே மல்லுக்கட்டிக்கொண்டு கிடக்கும், ஆளைத் திரும்பிப் பார்ப்பது அரிது. நாய் கொஞ்ச நேரம் பிறாண்டும், பிறகு விட்டுவிட்டுத் திரும்பி முகத்தைப் பார்க்கும். எவ்வளவு நேரத்தில் பார்த்தது, யாருடைய முகத்தைப் பார்த்தது, சோறு போடுகிற அம்மாவையா, திண்ணையில் இருக்கிற அப்பாவையா என்று எழுதி அனுப்பும். ரின்னைத் திறந்து கொடுக்க மறக்க வேண்டாம்.